வயிற்றுக்குள் கட்டி, சிறிய உருண்டை செல்கள், ஈடபிள்யூஎஸ்ஆர்1 ஃபிஷ் பாசிட்டிவ்: ஈவிங் சார்கோமா என்று ரிப்போர்ட் கொடுக்கலாமா?

ஸ்லைடு ட்ரே:

வணக்கம். ஒரு ட்ரூகட் (ஊசியில் திசு எடுக்கும்) பயாப்ஸி பற்றி மூத்தவர்களின் கருத்து வேண்டும்.

23 வயது ஆண். வயிறு வீங்கி வந்திருக்கிறார். சி.டி. ஸ்கேனில் ஓமெண்டத்திலும் (குடலை மூடும் கொழுப்புத் திரை) பெல்விஸிலும் பல கட்டிகள், கொஞ்சம் அசைட்டிஸ் (வயிற்றில் நீர்). எந்த உறுப்பிலிருந்து கிளம்பியது என்று ரேடியாலஜியில் சொல்ல முடியவில்லை. விரை ஸ்கேன் நார்மல். ரத்தத்தில் விரைக் கட்டி மார்க்கர்களான ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி இரண்டும் நார்மல். 18 கேஜ் ஊசியில் எடுத்த மூன்று கோர் (மெல்லிய திசுக் குச்சி), மூன்றும் ஒரே கேசட்டில், ஒரே பாரஃபின் பிளாக்.

ஹெச் அண்ட் ஈ (வழக்கமான ஸ்டெயின்) ஸ்லைடில் சிறிய, உருண்டையான, கருநீல செல்கள். சைட்டோபிளாசம் மிகக் குறைவு, நியூக்ளியோலஸ் எடுப்பாகத் தெரியவில்லை, மைட்டோசிஸ் நிறைய. ஒரு கோரில் செல்கள் பாய் விரித்த மாதிரி பரந்து கிடக்கின்றன. மற்ற இரண்டில் நடுவே நார்த்தன்மையுள்ள ஸ்ட்ரோமா, அதற்குள் தீவு தீவாகச் செல்கள். ஓரங்களில் செல்கள் நசுங்கி க்ரஷ் ஆகியிருக்கிறது.

இதுவரை போட்ட ஐஹெச்சி (ஆன்டிபாடியால் புரதங்களுக்கு நிறமேற்றும் சோதனை): சிடி45 (வெள்ளணு மார்க்கர்) நெகட்டிவ். சிடி99 பாசிட்டிவ், ஆனால் மங்கலாக, பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில். சைட்டோகெரட்டின் ஏஇ1/ஏஇ3 திட்டுத்திட்டாகப் பாசிட்டிவ். சினாப்டோஃபைசின் ஃபோக்கல். டபிள்யூடி1 நெகட்டிவ். வெளி லேபில் செய்த ஈடபிள்யூஎஸ்ஆர்1 பிரேக்-அபார்ட் ஃபிஷ் (அந்த ஜீன் உடைந்திருக்கிறதா என்று ஒளிரும் புரோப் வைத்துப் பார்ப்பது) பாசிட்டிவ்.

சிடி99, ஃபிஷ் இரண்டும் பாசிட்டிவ் என்பதால் "எக்ஸ்ட்ரா ஸ்கெலட்டல் ஈவிங்" என்று எழுதிக் கொடுங்கள், கீமோ தொடங்கிவிடலாம் என்று ஆன்காலஜியில் அவசரப்படுத்துகிறார்கள். கெரட்டின்தான் உறுத்துகிறது. டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்மால் ரவுண்ட் செல் ட்யூமர் (டிஎஸ்ஆர்சிடி) மனதில் வந்தது, ஆனால் டபிள்யூடி1 நெகட்டிவ் என்பதால் விட்டுவிடலாமா? பிளாக்கில் மிச்சம் அதிகம் இல்லை. அடுத்து எதைப் போடுவது, எந்த வரிசையில்?

ரவுண்ட் செல்:

இப்போது கையில் இருப்பதை வைத்து ஈவிங் என்று எழுத வேண்டாம். டிஎஸ்ஆர்சிடி-யை விடவும் வேண்டாம். உண்மையில் அதுதான் முதல் சந்தேகம்.

முதலில் ஒரு கேள்வி: உங்கள் டபிள்யூடி1 எந்த க்ளோன் (எந்த வகை ஆன்டிபாடி)? நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் இருப்பது 6எஃப்-ஹெச்2. ஓவரி சீரஸ் கார்சினோமாவுக்கும் மீசோதீலியோமாவுக்கும் வாங்கி வைப்பது அதுதான். அது டபிள்யூடி1 புரதத்தின் என்-டெர்மினல் (முன்முனை) பக்கத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடி. டிஎஸ்ஆர்சிடி-யில் 22-ஆம் குரோமோசோமில் உள்ள ஈடபிள்யூஎஸ்ஆர்1-இன் முன்பாதியும் 11-இல் உள்ள டபிள்யூடி1-இன் பின்பாதியும் ஒட்டிக்கொள்கின்றன. டபிள்யூடி1-இன் நான்கு ஜிங்க் ஃபிங்கர்களில் (டிஎன்ஏ-வைப் பிடிக்கும் பகுதிகள்) கடைசி மூன்று மட்டும் அந்தக் கலப்புப் புரதத்தில் மிஞ்சும். என்-டெர்மினல் பகுதியே அதில் கிடையாது. எனவே 6எஃப்-ஹெச்2 போட்டால் நெகட்டிவ் வருவதுதான் எதிர்பார்க்க வேண்டியது. சி-டெர்மினலை (பின்முனையை) பிடிக்கிற ஆன்டிபாடி போட்டால்தான் நியூக்ளியஸில் நிறம் ஏறும். என்-டெர்மினல் நெகட்டிவ், சி-டெர்மினல் நியூக்ளியஸில் பாசிட்டிவ் என்ற ஜோடி கிடைத்தால் அது இந்தக் கட்டிக்குப் பெரிய சாட்சி. வில்ம்ஸ் கட்டியில் முழுப் புரதமும் இருப்பதால் பொதுவாக இரண்டும் பாசிட்டிவ் ஆகும். உங்கள் "நெகட்டிவ்" கட்டியை விலக்கவில்லை, பாதி வழி கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அடுத்தது சிடி99. பாசிட்டிவா நெகட்டிவா என்பதோடு நிறுத்தினால் போதாது, எங்கே பிடித்திருக்கிறது என்பதுதான் விஷயம். ஈவிங்கில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் செல் சவ்வை ஒட்டி, தேன்கூட்டு அறைகள் போல, அடர்த்தியாகப் பிடிக்கும். மங்கலான சைட்டோபிளாச நிறம் டிஎஸ்ஆர்சிடி, ராப்டோமையோசார்கோமா, சினோவியல் சார்கோமா என்று பலதிலும் வரும். லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்ஃபோமா இன்னும் மோசம்: சிடி99 சவ்விலேயே பிடிக்கும், எஃப்எல்ஐ1-உம் பாசிட்டிவ், சிடி45 சில சமயம் நெகட்டிவ், பி-செல் வகையில் சிடி20-உம் நெகட்டிவாகலாம். உங்கள் கேஸில் ஃபிஷ் பாசிட்டிவ், கெரட்டின் பாசிட்டிவ் என்பதால் லிம்ஃபோமாவுக்கு வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் சிடி45 ஒன்றை வைத்து லிம்ஃபோமா இல்லை என்று முடிவெடுக்கும் பழக்கம் வேண்டாம். இப்படிப்பட்ட கேஸில் டிடிடி-க்கு (முதிராத லிம்ஃபோசைட் மார்க்கர்) ஒரு ஸ்லைடு எப்போதும் ஒதுக்கி வையுங்கள்.

இந்தக் கேஸில் போடாமல் விட்டது தசைப் புரதமான டெஸ்மின். அதுதான் முதலில் போட வேண்டியது. டிஎஸ்ஆர்சிடி-யில் டெஸ்மின் நியூக்ளியஸை ஒட்டி ஒரு பக்கமாக, பொட்டு வைத்த மாதிரி நிற்கும். இன்டர்மீடியட் ஃபிலமென்ட்கள் அங்கே சுருண்டு கிடப்பதுதான் காரணம். 10x-இல் பார்த்தால் சொறசொறப்பான பழுப்பு நிறம் போலத்தான் இருக்கும். 40x போட்டு, க்ரஷ் ஆகாத இடத்தில், செல் செல்லாகப் பாருங்கள். பொட்டு இல்லாமல் சைட்டோபிளாசம் முழுக்கப் பிடிப்பதும் உண்டு, அதனால் பொட்டு இல்லை என்பதற்காக விலக்கக்கூடாது. டெஸ்மின் வந்தால் கூடவே எலும்புத் தசை மார்க்கர்களான மையோஜெனின், மையோடி1. அவை நெகட்டிவ் என்றால்தான் ஆல்வியோலார் ராப்டோமையோசார்கோமா வெளியே போகும். அந்தக் கட்டியிலும் கெரட்டின், சினாப்டோஃபைசின் திடீரென்று பாசிட்டிவாகிக் குழப்பும்.

என் வரிசை: டெஸ்மின், டபிள்யூடி1 சி-டெர்மினல், என்கேஎக்ஸ்2.2 (ஈவிங்கில் நியூக்ளியஸில் பிடிப்பது), மையோஜெனின், டிடிடி. இவ்வளவில் தீராவிட்டால் மட்டும் அடுத்த சுற்று. ஐஎன்ஐ1, எஸ்எஸ்18-எஸ்எஸ்எக்ஸ், எஸ்100, சாக்ஸ்10 எல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஈஎம்ஏ, என்எஸ்ஈ-க்கு ஸ்லைடைச் செலவழிக்காதீர்கள். டிஎஸ்ஆர்சிடி-யில் பாசிட்டிவ்தான், ஆனால் முடிவை மாற்றாது. என்எஸ்ஈ எதில்தான் பாசிட்டிவ் ஆகாது?

3 மைக்ரான்:

பிளாக்கில் மிச்சம் குறைவுன்னு சொன்னதால டெக்னீஷியன் பக்கத்திலிருந்து சில விஷயம்.

மூணு கோரையும் ஒரே கேசட்டில் போட்டதிலேயே பாதி திசு போயிருக்கும். மூணும் ஒரே மட்டத்தில் படியாது. ஒண்ணு முழுசா தெரியுற வரைக்கும் ட்ரிம் பண்ணினா இன்னொண்ணு காணாமப் போயிருக்கும். அடுத்த தடவை ஒரு கோருக்கு ஒரு கேசட். இப்போ இருக்கிற பிளாக்குக்கு ஒரே வழி: ஒரே உட்காரலில் வெட்டி முடிச்சிடுங்க. ஒவ்வொரு தடவை பிளாக்கைக் கழட்டி மாட்டும்போதும் முகத்தைச் சமன் பண்ணவே 50, 100 மைக்ரான் வீணாகும். அதுக்குள்ள 4 மைக்ரான் செக்ஷன் இருபது கிட்ட எடுத்திருக்கலாம்.

பிளாக்கை ஐஸில் வெச்சு, முகத்தை ஈரப்படுத்தி, முதல் நல்ல ரிப்பனிலிருந்தே எடுங்க. முதல் ஸ்லைடு ஹெச் அண்ட் ஈ. அப்புறம் 15 சார்ஜ்டு ஸ்லைடு (திசு நல்லா ஒட்ட மின்னூட்டம் ஏத்தினது), 3 இல்லேன்னா 4 மைக்ரான், வரிசையா நம்பர் போட்டு. கடைசி ஸ்லைடு மறுபடி ஹெச் அண்ட் ஈ. கடைசியிலும் கட்டி இருக்கான்னு தெரிஞ்சாத்தான் நடுவில் உள்ள ஸ்லைடில் வந்த நெகட்டிவை நம்ப முடியும். மாலிகுலருக்கு (ஜீன் சோதனைக்கு) தனியா 10 மைக்ரான் கர்ல் (சுருள் துண்டு) நாலைந்து, புது பிளேடில், சுத்தமான ட்யூபில். ஐஹெச்சி-க்கு வெட்டினதை மாசக்கணக்கா ராக்கில் வைக்காதீங்க. நியூக்ளியர் ஆன்டிஜென் மங்கிடும். சீக்கிரம் போட முடியலன்னா மூடின பெட்டியில் 4 டிகிரியில் வைங்க.

இந்தக் கட்டியில் ஸ்ட்ரோமா கொலாஜன் அதிகம், ரெட்ரீவலில் (ஆன்டிஜெனைத் திறக்க பஃபரில் சூடாக்கும்போது) செக்ஷன் கிளம்பி மடங்கும். வாட்டர் பாத்தில் ஜெலட்டின் போடக்கூடாது, சார்ஜ்டு ஸ்லைடோட சேராது. ஸ்லைடைச் செங்குத்தா நிறுத்தித் தண்ணி முழுசா வடிஞ்சப்புறம் 60 டிகிரியில் ஒரு மணி நேரம். செக்ஷனுக்கு அடியில் தண்ணி மாட்டியிருந்தா குக்கரில் அது கொதிச்சுத் தூக்கிடும்.

மேனுவலா போடுறவங்களுக்கு ரெட்ரீவல் பஃபர்: ஒரு லிட்டருக்கு ட்ரிஸ் பேஸ் 1.21 கிராம், ஈடிடிஏ 0.37 கிராம், பிஹெச் 9.0-க்குக் கொண்டுவந்தப்புறம் ட்வீன்20 அரை மி.லி. நியூக்ளியர் மார்க்கர் நிறையது சிட்ரேட் பிஹெச் 6-ஐ விட இதில் நல்லா வரும். ஆனா கம்பெனி டேட்டா ஷீட்டில் என்ன போட்டிருக்கோ அதை முதல்ல செய்து பாருங்க. பிரஷர் குக்கர்னா விசில் கணக்கு கிடையாது. முழு அழுத்தம் ஏறினதிலிருந்து கடிகாரம் பார்த்து இரண்டு, மூணு நிமிஷம். அப்புறம் அதே பஃபரிலேயே 20 நிமிஷம் ஆறட்டும். சூடா எடுத்துக் குழாய்த் தண்ணியில் காட்டினா செக்ஷன் போச்சு.

பயாப்ஸியில் ரத்தம் இருந்தா 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாக்கிங் நேரத்தைக் குறைக்காதீங்க, 10 நிமிஷம். இல்லன்னா சிவப்பணு எல்லாம் டேப்பில் (பழுப்பு நிறம் தர்ற டிஏபி கெமிக்கல்) பழுப்பாகி, ஸ்ட்ரோமாவே பாசிட்டிவ் மாதிரி தெரியும். ஆன்டிபாடி போட்டப்புறம் ஸ்லைடு ஒரு ஓரம் காஞ்சாலும் அந்த ஓரம் கருத்திடும். ஈரப்பெட்டி மூடி சரியா இருக்கா பாருங்க. ஹெமடாக்சிலின் 30 விநாடி, அதிகபட்சம் ஒரு நிமிஷம். சிறிய செல் கட்டியில் நியூக்ளியஸே கருநீலம். அதில் மேலும் நீலத்தை ஏத்தினா மெல்லிய டபிள்யூடி1 பழுப்பு மறைஞ்சு போகும், டாக்டர் நெகட்டிவ்னு எழுதிடுவாங்க.

கன்ட்ரோல் அதே ஸ்லைடில் இருக்கணும். டெஸ்மின், கெரட்டின், சினாப்டோஃபைசின் மூணுக்கும் ஒரு அப்பெண்டிக்ஸ் துண்டு போதும்: தசை, எபிதீலியம், நரம்புப் பின்னல் எல்லாம் அதிலேயே இருக்கு. என்கேஎக்ஸ்2.2-க்குக் கணையத்தின் ஐலெட். டிடிடி-க்கு தைமஸ். டபிள்யூடி1-க்குக் கிட்னி, குளோமெருலஸில் போடோசைட் நியூக்ளியஸ் பிடிக்கணும், ட்யூப்யூல் பிடிக்கக்கூடாது.

புரோப்:

ஃபிஷ் ரிப்போர்ட்டைப் பற்றி மட்டும்.

பிரேக்-அபார்ட் புரோப் என்பது ஈடபிள்யூஎஸ்ஆர்1 ஜீனின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற சிவப்பு, பச்சை ஜோடி. ஜீன் உடைந்தால் நிறங்கள் பிரியும். உடைந்த துண்டு யாரோடு போய் ஒட்டியது என்று அதற்குத் தெரியாது. எஃப்எல்ஐ1-ஓடு ஒட்டினால் ஈவிங், டபிள்யூடி1-ஓடு ஒட்டினால் டிஎஸ்ஆர்சிடி, ஏடிஎஃப்1-ஓடு ஒட்டினால் கிளியர் செல் சார்கோமா. மிக்சாய்டு லைப்போசார்கோமாவில் ஒரு சிறு பகுதி, எக்ஸ்ட்ரா ஸ்கெலட்டல் மிக்சாய்டு காண்ட்ரோசார்கோமா, ஆஞ்சியோமேட்டாய்டு ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா, மையோஎபிதீலியல் கட்டிகள் எல்லாவற்றிலும் இதே ஜீன்தான் உடைகிறது. வயிற்றுக்குள் என்றால் குடலில் வரும் மலிக்னன்ட் காஸ்ட்ரோஇன்டெஸ்டினல் நியூரோஎக்டோடெர்மல் கட்டியையும் மறக்கக்கூடாது. ஈடபிள்யூஎஸ்ஆர்1 பாசிட்டிவாக இருக்கும், ஆனால் எஸ்100, சாக்ஸ்10 பாசிட்டிவ், கெரட்டின் பொதுவாக நெகட்டிவ்.

இன்னொரு பொறி. கேரியோடைப் (குரோமோசோம் சோதனை) ரிப்போர்ட்டில் "11;22 ட்ரான்ஸ்லொகேஷன்" என்று இருந்தால் பலர் ஈவிங் என்று மூடிவிடுவார்கள். இரண்டு கட்டியிலும் அதே இரண்டு குரோமோசோம்தான். ஈவிங்கில் 11-இன் நீளக் கை, க்யூ24. டிஎஸ்ஆர்சிடி-யில் குட்டைக் கை, பி13. பேண்ட் எண் இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிக் கேளுங்கள்.

ஆகவே ஃபியூஷனின் ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆர்டி-பிசிஆர் என்றால் ஈடபிள்யூஎஸ்ஆர்1 எக்ஸான் 7, டபிள்யூடி1 எக்ஸான் 8 இணைப்புதான் அதிகம் வருவது. வேறு இணைப்புகளும் உண்டு, எனவே ஒரே ஒரு ப்ரைமர் ஜோடியில் நெகட்டிவ் வந்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பாரஃபின் திசுவில் ஆர்என்ஏ துண்டு துண்டாகியிருக்கும். 150 பேஸ் அளவிலான சிறிய ஆம்ப்ளிகான் (பெருக்கும் துண்டு) வேண்டும், கூடவே கன்ட்ரோலுக்கு எல்லாச் செல்லிலும் இயங்கும் ஒரு ஹவுஸ்கீப்பிங் ஜீன். அது ஏறவில்லை என்றால் ரிப்போர்ட் "நெகட்டிவ்" அல்ல, "மாதிரி போதாது". ஆர்என்ஏ என்ஜிஎஸ் ஃபியூஷன் பேனல் கிடைத்தால் ஒரே ஓட்டத்தில் மற்ற சார்கோமாக்களின் சிஐசி, பிகோர், எஸ்எஸ்18 ஃபியூஷன்கள் எல்லாம் சேர்ந்து பார்த்துவிடும். திசு குறைவான இந்த மாதிரிக் கேஸில் அதுதான் சிக்கனம்.

ஃபிஷ்ஷில் எத்தனை நியூக்ளியஸ் எண்ணினார்கள், எத்தனை சதவீதத்தில் பிரிவு, லேபின் கட்-ஆஃப் என்ன என்று கேட்டு வாங்குங்கள். கோரில் ஸ்ட்ரோமா செல் அதிகம். அவற்றையும் சேர்த்து எண்ணியிருந்தால் சதவீதம் இறங்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஈவிங்கில் எஃப்எல்ஐ1-க்குப் பதில் ஈஆர்ஜி ஜோடியானால் பிரேக்-அபார்ட் ஃபிஷ் சில சமயம் தவறவிடும்.

ஸ்லைடு ட்ரே:

எல்லோருக்கும் நன்றி. க்ளோன் பார்த்தேன், 6எஃப்-ஹெச்2-தான். 3 மைக்ரான் சொன்னபடி ஒரே தடவையில் வெட்டியாகிவிட்டது, கடைசி ஹெச் அண்ட் ஈ-யிலும் கட்டி இருக்கிறது.

டெஸ்மின்: பாசிட்டிவ். தீவுகள் இருக்கும் கோரில் தெளிவான பொட்டு, பரந்து கிடக்கும் கோரில் சைட்டோபிளாசம் முழுக்க மங்கலாக. மையோஜெனின், டிடிடி நெகட்டிவ். என்கேஎக்ஸ்2.2 நெகட்டிவ், ஐலெட் கன்ட்ரோல் நன்றாகப் பிடித்திருக்கிறது. சி-டெர்மினல் ஆன்டிபாடி இங்கே இல்லை, ஸ்லைடு வெளியே போகிறது.

இரண்டு சந்தேகம். பழைய 6எஃப்-ஹெச்2 ஸ்லைடில் கட்டிக்குள் இருக்கும் சிறு ரத்தக்குழாய்களில் பழுப்பு தெரிகிறது. அது பாசிட்டிவா? இன்னொன்று, கெரட்டின் பாசிட்டிவான அடமான்டினோமா மாதிரியான ஈவிங் என்று ஒன்று இருக்கிறதே, அதை எப்படி விலக்குவது?

ரவுண்ட் செல்:

ரத்தக்குழாயில் தெரிவது எண்டோதீலியத்தின் சைட்டோபிளாச நிறம். 6எஃப்-ஹெச்2-இல் அது வழக்கம். கட்டிக்குப் பாசிட்டிவ் என்று எண்ணக்கூடாது. ஆனால் உங்களுக்கு அது உதவி: அந்தத் திசுவில், கட்டிக்குப் பக்கத்திலேயே, ஸ்டெயின் வேலை செய்திருக்கிறது என்று காட்டுகிறது. ஆகவே கட்டி நியூக்ளியஸில் வந்த நெகட்டிவ் நிஜ நெகட்டிவ். எண்டோதீலியமும் வெறுமையாக இருந்திருந்தால் ஃபிக்சேஷனைச் சந்தேகித்திருப்பேன்.

அடமான்டினோமா மாதிரியான ஈவிங் பெரும்பாலும் தலை, கழுத்துப் பகுதியில் வருவது. கெரட்டின் அதில் பரவலாக, அடர்த்தியாக இருக்கும். பி40-உம் பிடிக்கும். முக்கியமாக, சிடி99 சவ்விலும் என்கேஎக்ஸ்2.2 நியூக்ளியஸிலும் ஈவிங் போலவே வரும். உங்கள் கேஸில் இந்த இரண்டும் இல்லை, டெஸ்மின் இருக்கிறது. பி40-க்காக ஒரு ஸ்லைடு செலவழிக்க வேண்டியதில்லை. என்கேஎக்ஸ்2.2 பாசிட்டிவ் ஆனால் ஈவிங் என்று தலைகீழாகவும் நினைக்க வேண்டாம். மெசன்கைமல் காண்ட்ரோசார்கோமாவிலும் அது பாசிட்டிவ்.

சிஐசி சார்கோமாவைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால்: அதில் சிடி99 திட்டுத்திட்டாக, டபிள்யூடி1 பெரும்பாலும் என்-டெர்மினல் ஆன்டிபாடியிலேயே பாசிட்டிவ், ஈடிவி4 பாசிட்டிவ். ஈடபிள்யூஎஸ்ஆர்1 உடைப்பு இருக்காது. பிளாஸ்டீமல் வில்ம்ஸில் டெஸ்மின் வரும், மையோஜெனின் வராது, அதுவரை இந்தக் கேஸ் மாதிரியேதான். ஆனால் 6எஃப்-ஹெச்2 நியூக்ளியஸில் நன்றாகப் பிடித்திருக்கும், கிட்னியில் கட்டி தெரிந்திருக்கும்.

பரந்து கிடக்கும் கோரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1989-இல் ஜெரால்டும் ரோசாயும் இந்தக் கட்டியைத் தனியாக அடையாளம் காட்டியபோதே பெயரில் டெஸ்மோபிளாசியா வந்துவிட்டது. அதனால் ஸ்ட்ரோமா இல்லாத துண்டைப் பார்த்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊசி எந்த இடத்தில் இறங்கியது என்பதைப் பொறுத்தது அது.

ரிப்போர்ட்டை இப்படி எழுதலாம்: முதல் வரியில் "சிறிய உருண்டை செல் சார்கோமா, உருவமும் ஐஹெச்சி-யும் டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்மால் ரவுண்ட் செல் ட்யூமருக்கு ஆதரவு." கீழே ஒவ்வொரு ஸ்டெயினுக்கும் எங்கே பிடித்தது, எவ்வளவு என்று எழுதுங்கள், டபிள்யூடி1-க்கு எதிரே க்ளோன் பெயரும் என்-டெர்மினல் என்பதும் கட்டாயம். வேறு சென்டரில் ஸ்லைடு ரிவ்யூ செய்பவர் அந்த ஒரு வரியைத்தான் தேடுவார். ஈடபிள்யூஎஸ்ஆர்1 ஃபிஷ் பாசிட்டிவ் என்பதோடு "இந்தச் சோதனை ஈவிங்கையும் டிஎஸ்ஆர்சிடி-யையும் பிரித்துக் காட்டாது" என்று சேருங்கள். ஃபியூஷன் உறுதிப்படுத்தல் நிலுவை, வந்ததும் துணை ரிப்போர்ட் தரப்படும்.

ஆன்காலஜிக்குப் போனில் சொல்லிவிடுங்கள். கீமோ மருந்துகள் ஈவிங்குக்குக் கொடுப்பதை ஒட்டியே இருக்கும், அதனால் அவர்கள் தொடங்குவது பெரிதாகத் தள்ளிப்போகாது. ஆனால் பெரிட்டோனியம் முழுக்கப் பரவும் கட்டி என்பதால் கட்டியைக் குறைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி சர்ஜிக்கல் ஆன்காலஜியோடு ஆரம்பத்திலேயே பேச வேண்டும், குடும்பத்தாரிடம் சொல்லும் எதிர்காலக் கணிப்பும் வேறு.

3 மைக்ரான்:

ஒரு சேர்க்கை. ஃபியூஷனுக்குக் கர்ல் அனுப்பும்போது ஃபார்மலின் விவரமும் சேர்த்து எழுதுங்க. பஃபர் இல்லாத ஃபார்மலின்னா அமிலமாகி ஆர்என்ஏ சிதைஞ்சிருக்கும், அந்த லேப்புக்கு அது தெரியணும். தயாரிக்கிறது சுலபம்தான்: 40 சதவீத ஃபார்மால்டிஹைடு 100 மி.லி., டிஸ்டில்டு வாட்டர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். ட்ரூகட்டா இருந்தாலும் 6 மணி நேரத்துக்குக் குறையாம ஊறணும். "சின்னத் துண்டுதானே"ன்னு இரண்டு மணி நேரத்தில் ப்ராசசரில் ஏத்தினா நடுப்பகுதி ஆல்கஹாலில்தான் ஃபிக்ஸ் ஆகும். அப்புறம் ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறம்னு ஐஹெச்சி வரும்.

மிச்சமுள்ள ஸ்டெயின் போடாத ஸ்லைடை ரிப்போர்ட் போனதும் தூக்கிப் போட்டுடாதீங்க. நோயாளி வேறு சென்டருக்குப் போனா முதல்ல கேக்கிறது அதைத்தான்.